கம்பானியா வைன்: கசப்பு, மஞ்சள் நிறம், அடியில் பளிங்கு. எது பழுது, எது இயல்பு?

மேசைக்காரன்:

வணக்கம். கொழும்பில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் வைன் பகுதியைப் பார்க்கிறேன். இந்த மாதம் பட்டியலில் கம்பானியா மாகாணத்து வைன் ஆறு ஏறியிருக்கிறது: தௌராசி, அலியானிக்கோ டெல் தாபுர்னோ, கிரேக்கோ டி தூஃபோ, ஃபியானோ டி அவெல்லினோ, ஃபலங்கீனா, சிவப்பு லாக்ரிமா கிறிஸ்தி. நேப்பிள்ஸும் வெசூவியஸ் எரிமலையும் இருக்கிற மாகாணம் என்பது வரைக்கும் தெரியும். இறக்குமதி செய்தவர்கள் தந்த தாளில் "எரிமலை மண்", "கிரேக்கர் கொண்டுவந்த பழம்" என்று நாலு வரிதான். ஆட்கள் கேள்வி கேட்கும்போது அதை வைத்து ஒப்பேற்ற முடியவில்லை.

முறைப்பாடுகள் மூன்று. தௌராசி வாயைப் பிடிக்கிறது, கசக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். கிரேக்கோ மற்ற வெள்ளை வைன்களைவிட மஞ்சளாக இருப்பதால் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறோம் என்று நினைக்கிறார்கள். ஃபியானோ போத்தலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ கிடக்கிறது. இதில் எதைத் திருப்பி எடுக்க வேண்டும், எதை விளக்கிச் சொல்லிச் சமாளிக்கலாம்?

வைன் பிரிட்ஜ் 40 போத்தல்தான் கொள்ளும். மிச்சம் ஸ்டோர் ரூமில் இருக்கிறது, இரவில் அங்கே ஏசி நிற்கும். அந்த ஊரில் இவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்றும் கொஞ்சம் விளக்கினால், அடுத்த கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொள்வேன்.

தக்கைதிறப்பான்:

கண்ணாடித் தூளில் தொடங்குவோம், அதுதான் சுலபம். திராட்சையில் இயல்பாக உள்ள தார்த்தாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் பளிங்காகப் படிகிறது. பெரிய ஆலைகள் போத்தலில் அடைக்க முன்பு தாங்கியை மறை 4 பாகை அளவுக்குக் குளிராக்கி ஒன்றிரண்டு கிழமை வைத்து அதை அங்கேயே விழுத்திவிடும். சிறிய தயாரிப்பாளர் பலர் அதைச் செய்வதில்லை. அப்படிப்பட்ட போத்தல் உங்கள் பிரிட்ஜில் கிழமைக்கணக்கில் கிடந்தால் பளிங்கு விழத்தான் செய்யும். கெடுதல் எதுவும் இல்லை. சந்தேகம் என்றால் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். கொஞ்சத்தை எடுத்து ஒரு கோப்பை கொதிநீரில் போட்டுக் கலக்குங்கள். கரைந்தால் உப்பு, கரையாவிட்டால் கண்ணாடி. பரிமாறும் நாளில் காலையிலேயே போத்தலை நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றி, கடைசி இரண்டு சென்றிமீற்றரைப் போத்தலிலேயே விட்டுவிடுங்கள்.

கிரேக்கோவின் மஞ்சள் பெரும்பாலும் பழுது அல்ல. அந்தப் பழச்சாற்றில் காற்றுப் பட்டால் நிறம் மாறும் சேர்மங்கள் அதிகம். அதனால் இரண்டு மூன்று வருடத்துப் போத்தல்கூடப் பொன்னிறமாக நிற்கும். வெள்ளைத் துவாய்க்கு மேலே கிளாஸைச் சரித்து ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் பச்சை கலந்த பொன்னிறம் என்றால் நல்லது. சாயம் குறைந்த பிளேன்ரீயின் நிறம் என்றால் கெட்டது. மணத்திலும் தெரியும்: பியர்ஸ், பீச், முடிவில் கசப்பு வாதுமை என்றால் அது கிரேக்கோவின் சொந்த மணம். வெட்டி வைத்துக் கறுத்த அப்பிள் மணந்தால் கேள்வி கேட்காமல் திருப்பி எடுங்கள். கிளாஸ் கணக்கில் விற்பதென்றால் மூன்று வெள்ளையில் முதலில் சோர்வது கிரேக்கோதான். திறந்த போத்தலை மூடிப் பிரிட்ஜில் வைத்தாலும் இரண்டாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃபியானோ இன்னும் ஒரு நாள் தாங்கும்.

தௌராசிக்கு வருகிறேன். "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்று எழுதியவர்களின் அறை கொழும்பில் இல்லை. இங்கே 29 பாகை. அந்தச் சூட்டில் அற்ககோல் மூக்கில் அடிக்கும், பழத்தின் மணம் கலைந்துபோகும். அதற்காக வெள்ளை வைன் மாதிரி 8 பாகைக்குக் குளிர வைத்தால் துவர்ப்பு இன்னும் கடுமையாக நாக்கைப் பிடிக்கும். உங்களுக்கு வந்த முறைப்பாட்டில் பாதி இப்படித்தான் வந்திருக்க வேண்டும், பிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே ஊற்றினீர்களா என்று பாருங்கள். இலக்கு 17, 18 பாகை. 29இல் இருக்கும் போத்தலை ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதியாக உள்ள வாளியில் கழுத்தளவு இறக்கினால் 10, 12 நிமிடத்தில் அங்கே வந்துவிடும். வெள்ளையை 10 பாகைக்குக் கொண்டுவர 25 நிமிடம். சாதாரணப் பிரிட்ஜில் தௌராசிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் காற்று தண்ணீர் அளவுக்குச் சூட்டை இழுக்காது. தனி ஐஸ் மட்டும் போட்ட வாளியும் அப்படித்தான், தண்ணீர் ஊற்றாவிட்டால் நேரம் இழுக்கும்.

ஊற்ற முன்பு டிகாண்டரில் (வைனைக் காற்றாட விடும் அகன்ற கண்ணாடிச் சாடி) மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள், துவர்ப்பு இளகும்.

ஸ்டோர் ரூம்தான் உண்மையான பிரச்சினை. 750 மில்லி வைன் 14 பாகை சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லி பெருக்கும். அதைத் தாங்க அங்கே இருப்பது தக்கைக்குக் கீழே உள்ள சின்னக் காற்றிடம் மட்டுமே. பகலில் ஏசியில் சுருங்கி இரவில் பெருத்து, நாளாந்தம் இப்படி நடந்தால் தக்கை மெல்ல நகரும், வைன் கசியும், காற்று உள்ளே போகும். அடையாளம் மூன்று: தக்கையின் தலை போத்தல் விளிம்புக்கு மேலே நிற்கும், மூடியுறையைத் திருகினால் ஒட்டிக்கொண்டு சுற்றாது, உறைக்குக் கீழே பிசுபிசுப்பான கோடு இருக்கும். சரக்கு வந்து இறங்கும்போதே பெட்டிக்கு இரண்டு போத்தலை இப்படிப் பாருங்கள், மத்தியான வெயிலில் லொறியில் நின்ற பெட்டியென்றால் எல்லாவற்றையும் பாருங்கள். முடிந்தால் காலையில் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று நான்கு கிழமைக்குப் போதுமானதற்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம், போயாவுக்கு (மது விற்காத பௌர்ணமி விடுமுறை) முன்பு மொத்தமாக எடுத்து வைக்கும் பழக்கம் வைனுக்கு உதவாது. பிரிட்ஜில் தௌராசிக்கும் ஃபியானோவுக்கும்தான் முதல் இடம், அவைதான் நாள் கணக்கு இல்லாமல் நிற்கப்போகிறவை. ஃபலங்கீனா வேகமாக ஓடும், அதை ஸ்டோரில் தரையோடு, அட்டைப் பெட்டிக்குள்ளேயே, மேற்கு வெயில் படும் சுவருக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

சாடி:

மேலே எழுதியதில் டிகாண்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 29 பாகை அறையில் நான்கு மணி நேரம் திறந்து வைத்தால் துவர்ப்பு இளக முன்பு மணம் போய்விடும், வைனும் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். ஒரு தடவை டிகாண்டரில் வேகமாக ஊற்றுங்கள், போத்தலை வைனின் வண்டல் போகக் கழுவி, வடியவிட்டு, திரும்பப் போத்தலிலேயே ஊற்றித் தக்கையை லேசாக வைத்து வைன் பிரிட்ஜில் 17 பாகையில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். காற்றும் கிடைக்கும், சூடும் ஏறாது.

இனி அந்தத் துவர்ப்பு எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்போம். தௌராசி முழுவதும் அல்லது ஆகக் குறைந்தது 85 வீதம் அலியானிக்கோ என்ற கருந்திராட்சை. நேப்பிள்ஸிலிருந்து கிழக்கே உள்நாட்டில், அவெல்லினோ மாவட்டத்தில், இர்பீனியா என்ற மலைப்பகுதியில் 17 ஊர்களில் மட்டும் விளைந்தால்தான் அந்தப் பெயர் போடலாம். தெற்கு இத்தாலி என்றதும் வெயில், கடல் என்று நினைப்பார்கள். இர்பீனியாவில் குளிர்காலத்தில் பனி கொட்டும். அலியானிக்கோ வசந்தத்தில் நேரத்தோடு துளிர்க்கும், ஆனால் பழுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒக்டோபர் கடைசியில் தொடங்கும் அறுவடை மொந்தேமரானோ, காஸ்தெல்ஃபிராஞ்சி போன்ற மேட்டு ஊர்களில் நவம்பர் நடுப்பகுதி வரை போகும். மழை வரப் போகிறது என்று பயந்து ஒக்டோபர் நடுவில் வெட்டினால் பழத்தில் சர்க்கரை வந்திருக்கும், விதை பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சை விதையின் துவர்ப்பை எத்தனை வருடம் வைத்தாலும் இளக வைக்க முடியாது. அதனால் அங்கே சர்க்கரையை அளப்பதோடு நிற்காமல் விதையைக் கடித்துப் பார்க்கிறார்கள். கபில நிறமாக, கடித்தால் நொறுங்க வேண்டும், பல்லில் பசை மாதிரி ஒட்டக் கூடாது.

நன்றாகப் பழுத்த பிறகும் சாற்றில் லீற்றருக்கு 7, 8 கிராம் அமிலம் நிற்கும். வெப்ப நாட்டுச் சிவப்புத் திராட்சைகளில் இது அபூர்வம். துவர்ப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்பதால்தான் உங்கள் ஆட்களுக்கு அது கசப்பாகத் தெரிகிறது. பக்கத்து மாகாணமான பூலியாவின் பிரிமித்திவோவை நினைத்துக்கொண்டு தௌராசி கேட்கிறவர்களிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அது சீக்கிரம் பழுத்து இனிப்பு மணத்தோடு, அமிலம் குறைவாக, அற்ககோல் தூக்கலாக இருக்கும். இரண்டுக்கும் "தெற்கு இத்தாலிச் சிவப்பு" என்பதைத் தவிர ஒற்றுமை கிடையாது.

ஆலைக்குள் செய்யும் வேலையும் இந்தத் துவர்ப்பைச் சுற்றியே நடக்கிறது. காம்பை முழுவதும் நீக்குவார்கள், ஏற்கெனவே உள்ள துவர்ப்போடு காம்பின் துவர்ப்பும் சேரக் கூடாது. நசுக்கும்போது லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் சல்பர் டயொக்சைட் போடுவார்கள். நொதித்தல் 25 முதல் 28 பாகை வரையில். தோல்கள் மேலே எழும்பித் தொப்பியாக நிற்கும், அதை நனைக்க அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்ற வேண்டும். முதல் நாட்களில் நாளுக்கு மூன்று தடவை வரை செய்யலாம், அப்போது தண்ணீரில் கரையும் நிறம்தான் வெளியே வருகிறது. அற்ககோல் ஏற ஏற இந்த வேலையைக் குறைக்க வேண்டும், விதையின் துவர்ப்பை வெளியே இழுப்பது அற்ககோல்தான். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள்: நிறம் போதவில்லை என்று கடைசி நாட்களிலும் விடாமல் கலக்கி, மரக்கட்டை மாதிரியான வைனை எடுக்கிறார்கள். கவனமானவர்கள் நொதித்தல் நடுவில் சாற்றை முழுவதும் வேறு தாங்கிக்கு வடித்து, தொப்பி கீழே விழுந்ததும் அடியில் சேர்ந்த விதைகளில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டு, சாற்றைத் திரும்ப ஊற்றுவார்கள். தோலோடு ஊறுவது மொத்தம் 15 முதல் 25 நாள். 100 கிலோ பழத்துக்கு 65, 70 லீற்றர் வைன் தேறும்.

அடுத்த சிக்கல் குளிர். சிவப்பு வைனில் கூர்மையான மாலிக் அமிலத்தை லாக்டிக் பக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்ற வேண்டும், அதற்கு 18, 20 பாகை தேவை. நவம்பரில் பழம் வந்தால் நொதித்து முடியும்போது டிசம்பர், நிலவறை 10, 12 பாகைக்கு இறங்கியிருக்கும். பக்டீரியா தூங்கிவிடும். அறையைச் சூடாக்கலாம், அல்லது வசந்தம் வரை காத்திருக்கலாம். காத்திருக்கும் காலத்தில் சல்பர் போட முடியாது, போட்டால் அந்தப் பக்டீரியாவும் செத்துவிடும். காவல் இல்லாமல் கிடக்கும் அந்த மாதங்களில்தான் காடிப் புளிப்பும், குதிரைத் தொழுவ மணம் தரும் பிரெட்டனோமைசிஸ் என்ற நுரைமமும் (ஈஸ்ட்) நுழைகின்றன. தௌராசியில் தொழுவ மணம் லேசாக இருந்தால் "பழைய பாணி" என்று சிலர் ரசிப்பார்கள். தூக்கலாக இருந்தால் அது பழுதுதான், மரபு என்று சொல்லித் தப்ப முடியாது.

தௌராசி 1970இல் டிஓசி (இத்தாலியில் ஊரையும் செய்முறையையும் கட்டுப்படுத்தும் பெயர்ச் சான்று) தகுதியும் 1993இல் அதற்கு மேலான டிஓசிஜி தகுதியும் பெற்றது. அறுவடைக்குப் பிறகு மூன்று வருடம், அதில் ஆகக் குறைந்தது ஒரு வருடம் மரத்தில் இருந்த பிறகே விற்கலாம். ரிசர்வா என்றால் நான்கு வருடம், மரத்தில் 18 மாதம். ஆகவே பட்டியலில் உள்ள ஆண்டைப் பார்த்து "பழசு" என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில். முன்பு உள்ளூர்ச் செஸ்நட் மரப் பீப்பாய்கள் இருந்தன, அந்த மரம் தானும் துவர்ப்பு சேர்க்கும். பிறகு குரோவேசியாவின் சிலாவோனியாப் பகுதி ஓக்கில் செய்த பெரிய பீப்பாய்களும், 225 லீற்றர் பிரெஞ்சுப் பீப்பாய்களும் வந்தன. புதிய சின்னப் பீப்பாயில் நெடுநாள் கிடந்த தௌராசியில் வனிலா மணம் மேலே நின்று, பழம் அடியில் போய்விடும். என் கணிப்பில் இந்தத் திராட்சைக்குப் பெரிய பழைய பீப்பாய்தான் பொருந்தும்.

கிரேக்கோவின் நிறத்துக்கும் காரணம் ஆலையில்தான். 15, 20 கிலோ கொள்ளும் சிறிய பெட்டிகளில் பறித்து, பழம் நசுங்காமல், குளிராகக் கொண்டுவர வேண்டும். பிழியும் இயந்திரத்துக்குள் நைதரசன் வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். தானாக வடியும் சாற்றையும் மென்மையாகப் பிழிந்ததையும் தனியே எடுத்து, அழுத்திப் பிழிந்த கடைசிப் பங்கை வேறு தாங்கிக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கடைசிப் பங்கில்தான் கபில நிறமும் கசப்பும். அதையும் சேர்த்து அளவைக் கூட்டியவர்களின் போத்தல் ஒரு வருடத்திலேயே செம்மஞ்சளாகும். பிறகு 8, 10 பாகையில் ஒரு நாள் தெளியவிட்டு, 15 முதல் 17 பாகையில் இரண்டு மூன்று கிழமை நொதிக்க விட்டு, உருக்குத் தாங்கியில் வண்டலோடு சில மாதம் வைத்து வசந்தத்தில் அடைப்பார்கள். ஃபியானோவும் இதே பாதைதான், ஆனால் மணி சின்னது, தோல் தடிப்பு, 100 கிலோவுக்கு 55, 60 லீற்றர்தான் கிடைக்கும். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டும் 2003இல் டிஓசிஜி ஆனவை. நான்கைந்து வருடம் போன ஃபியானோவில் தேன், ஹேசல்நட், லேசான புகை மணம் வரும். "வெள்ளை வைன் என்றால் புதுசாகக் குடிக்க வேண்டும்" என்ற விதியை ஃபியானோவிடம் காட்டாதீர்கள்.

இந்தத் திராட்சைகள் இன்று இருப்பதற்கே அந்தோனியோ மஸ்திரோபெரார்தினோ (1928–2014) ஒரு பெரிய காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எல்லோரும் அதிகம் காய்க்கும் திரெபியானோ, சாஞ்சியோவேசே என்று மாறியபோது அவர் ஃபியானோவையும் கிரேக்கோவையும் அலியானிக்கோவையும் விடவில்லை.

பந்தல்:

செய்முறை எல்லாம் மேலே சொல்லிட்டினம். நான் தோட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுறன், ஏனெண்டால் லேபிளில் உள்ள பாதிச் சொல்லு தோட்டத்திலை இருந்துதான் வருது.

கம்பானியாவிலை ஒரு விசித்திரம் இருக்கு. நேப்பிள்ஸுக்கு வடக்கே அவேர்சா எண்ட ஊரைச் சுத்தி அஸ்ப்ரீனியோ எண்டொரு வெள்ளைத் திராட்சை. அதைப் பந்தலிலை விடுறேல்லை, உயிரோடை நிக்கிற பொப்லர் மரத்திலை ஏத்துவினம். மரங்களை வரிசையா நட்டு, மரத்துக்கு மரம் கொடியை இழுத்துக் கட்டினால் 15 மீற்றர் உயரத்துக்குப் பச்சைச் சுவர் மாதிரி நிக்கும். நிலத்திலை மரக்கறி, தானியம் போடலாம், குலை தரையின்ரை ஈரத்துக்கும் மூடுபனிக்கும் மேலை தப்பி நிக்கும். இலை நிழலிலை பழுக்கிறதாலை புளிப்பும் குறையாது. பறிக்க ஒடுக்கமான நீட்டு ஏணி, கையிலை ஃபேஷினா எண்ட கூடை. அந்தக் கூடைக்கு அடி தட்டையா இராது, கூரா இருக்கும். நிரம்பினதும் கயித்திலை இறக்கினால் கூர் பதமான மண்ணிலை குத்தி நேரா நிக்கும், பழம் கொட்டுண்ணாது. கீழை நிக்கிறவர் கொட்டிட்டு வெறுங்கூடையை மேலை அனுப்புவார். இப்ப அந்த வேலைக்கு ஆள் குறைவு, கூலி கூட, கனபேர் தாழ்ந்த கம்பி வேலிக்கு மாறிட்டினம். மரத்திலை ஏத்தினதெண்டால் லேபிளிலை "அல்பெராத்தா" எண்டு போட விதி இருக்கு.

இதிலை பகிடி என்னெண்டால், மரபணு ஒப்பீட்டிலை அஸ்ப்ரீனியோவும் உங்கடை கிரேக்கோ டி தூஃபோவும் ஒரே திராட்சை எண்டு வந்திருக்கு. ஒண்டு சமவெளியிலை மரத்திலை ஏறிப் புளிப்பான, பொங்குற வைன் ஆகுது. மற்றது அவெல்லினோ மலையிலை, தூஃபோவையும் சுத்தியுள்ள ஏழு ஊரையும் சேர்த்து எட்டே எட்டு ஊரிலை, கனமான மஞ்சள் வைன் ஆகுது. தூஃபோவிலை கந்தகச் சுரங்கமும் இருந்தது. அதே நேரம், கலாபிரியாவிலை உள்ள "கிரேக்கோ பியாங்கோ" இதில்லை, வேறை சாதி. பேர் ஒண்டா இருக்கெண்டு இணையத்திலை படம் எடுத்து மெனுவிலை போட்டுடாதேங்கோ. கிரேக்கர் கொண்டுவந்த பழமெண்டு தாளிலை எழுதியிருக்கிறதையும் அடிச்சுச் சொல்லாதேங்கோ தம்பி. இண்டைக்குக் கிரேக்கத்திலை நிக்கிற இனங்களோடை அலியானிக்கோவுக்கு நெருங்கின சொந்தம் மரபணுவிலை தெரியேல்லை.

ஃபலங்கீனாவும் அப்பிடித்தான், ஒரே பேரிலை ரெண்டு வேறை வேறை கொடி. ஒண்டு நேப்பிள்ஸுக்கு மேற்கே கம்பி ஃப்ளெக்ரெய் எரிமலை வாய்களிலை, மற்றது உள்நாட்டிலை பெனெவென்தோவிலை. உங்கடை போத்தலிலை "டெல் சான்னியோ" எண்டிருந்தால் பெனெவென்தோப் பக்கம். கடலோரத்தது மெல்லிசா, உப்புச் சாயலோடை இருக்கும், உள்நாட்டது கொஞ்சம் சதைப்பிடிப்பு.

எரிமலை மண்ணெண்டு எல்லாரும் சும்மா சொல்லுறதுக்குப் பின்னாலை ஒரு பிரயோசனமான விஷயம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டிலை ஐரோப்பாவின்ரை கொடியளிலை பெரும்பங்கை அழிச்ச ஃபிலொக்சரா பூச்சி வேரிலை வாழுறது. மணலும் சாம்பலுமான மண்ணிலை அதாலை வழி எடுத்து ஓடேலாது. அதாலை கம்பி ஃப்ளெக்ரெய், வெசூவியஸ் சரிவு, அமல்ஃபிக் கரைக்கு மேலை உள்ள திராமொந்தி போன்ற இடங்களிலை அந்தப் பூச்சியைத் தாங்கிற அமெரிக்க வேரிலை ஒட்டாமல் சொந்த வேரிலை நிக்கிற கிழட்டுக் கொடிகள் இன்னும் இருக்கு. ஒரு கொடி செத்தால் புதுக் கண்டு வாங்குறேல்லை. பக்கத்துக் கொடியிலை ஒரு நீட்டுக் கிளையை மாரியிலை வெட்டாமல் விட்டு, முழங்கால் ஆழத்துக்கும் கொஞ்சம் குறைவா வாய்க்கால் வெட்டி, கிளையை முறியாமல் வளைச்சுத் தாட்டு, நுனியிலை ரெண்டு கணு மாத்திரம் வெளியிலை தெரிய விட்டு, ஒரு கம்பிலை கட்டுவினம். ரெண்டு மூண்டு வருசத்திலை அது தன்ரை வேர் விட்டதும் தாயிலை இருந்து அறுப்பினம். களிமண் கலந்த தோட்டத்திலை இதைச் செய்தால் பூச்சி வரும், அங்கை ஒட்டுக் கண்டுதான் வைக்கோணும்.

ஆராவது யாழ்ப்பாணத்திலை அலியானிக்கோ நடலாமோ எண்டு கேக்க முன்னம் சொல்லிடுறன்: ஏலாது. எங்கடை முந்திரிகைக்கு மாரி உறக்கம் இல்லை, வெட்டி வெட்டிக் காய்க்க வைக்கிறம். அலியானிக்கோவுக்கு மூண்டு நாலு மாதக் குளிர் உறக்கமும், இரவிலை குளிருற நீண்ட இலையுதிர் காலமும் வேணும்.

மேசைக்காரன்:

மூவருக்கும் நன்றி. தௌராசி வெள்ளை வைன் தட்டிலிருந்துதான் போயிருக்கிறது, இன்று மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. லாக்ரிமா கிறிஸ்தியைத் திறந்தவுடன் எரிந்த நெருப்புக்குச்சி, சில போத்தலில் அவித்த முட்டை மாதிரி மணக்கிறது. எரிமலை மணம் என்று சொல்லி விடலாமா? மற்றது, நண்டுக் கறியோடும் பன்றிக் கறியோடும் எதைக் கொடுப்பது? வெளியில் சாப்பாடு எடுத்துவந்து எங்களிடம் வைன் கேட்கும் விருந்துகளும் வருகின்றன.

சாடி:

எரிமலை மணம் என்று சொல்ல வேண்டாம், தெரிந்தவர் கேட்டால் சிரிப்பார். சிவப்பு லாக்ரிமா கிறிஸ்தியில் பெரும்பங்கு பியேதிரோஸ்ஸோ என்ற திராட்சை. அலியானிக்கோவுக்கு நேர் எதிர்: துவர்ப்பு குறைவு, செர்ரி மணம், நிறமும் அடர்த்தியில்லை. ஆனால் நொதிக்கும்போது காற்றுப் போதாமல் திணறும் குணம் அதற்கு உண்டு. சாற்றில் நைதரசன் உணவு குறைந்தால் நுரைமம் ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும், அதுதான் முட்டை மணம். ஆலையில் ஆரம்பத்திலேயே காற்றுப் படத் தாங்கி மாற்றினால் போய்விடும், தாமதித்தால் அது வேறு சேர்மமாக மாறி வெங்காயம், இறப்பர் மணமாக நிலைத்துவிடும். மேசையில் செய்ய வேண்டியது: டிகாண்டரில் உயரத்திலிருந்து ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். நெருப்புக்குச்சி, முட்டை மணம் கலைந்தால் பிரச்சினை இல்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகும் வெங்காயம் அல்லது இறப்பர் நின்றால் அந்தப் போத்தலை இறக்குமதியாளருக்குத் திருப்பி அனுப்புங்கள், அதே பெட்டியின் மற்றப் போத்தல்களையும் பாருங்கள்.

தக்கைதிறப்பான்:

டிகாண்டர் பற்றிய திருத்தம் சரி, இரட்டை ஊற்றுதான் இங்கே நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். மிளகாயின் எரிவை அற்ககோலும் துவர்ப்பும் கூட்டும். ஆகவே யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட நண்டுக் கறிக்குத் தௌராசியை யாராவது கேட்டால் மெதுவாகத் திருப்பிவிடுங்கள். அங்கே ஃபலங்கீனா, 9, 10 பாகையில். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அதன் புளிப்பு வெட்டும், மணம் கறியோடு சண்டை பிடிக்காது. கிரேக்கோவை நண்டு வறுவலுக்கும், உப்பும் மிளகும் மட்டும் போட்ட மீன் பொரியலுக்கும் வையுங்கள், அதிக உறைப்பில் அதன் வாதுமைக் கசப்பு முன்னுக்கு வந்து நிற்கும். இறால் வடைக்கு அஸ்ப்ரீனியோ பொங்கும் வகை கிடைத்தால் விடாதீர்கள், எண்ணெய்ப் பண்டத்துக்கு அதைவிடப் பொருத்தம் அந்த மாகாணத்தில் இல்லை. ஃபியானோவை உறைப்பில்லாத கோழி, காளான், சீஸ் பக்கம் அனுப்புங்கள்.

பன்றிக் கறியில் கொறுக்காயும் மிளகும் கறுப்பாக வறுத்த தூளும் இருக்கும். அதற்குத்தான் அலியானிக்கோ. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், நாக்குக்கு மிஞ்சுவது குறைவு. ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சரி. முதலில் தாபுர்னோவை நீட்டுங்கள், விலையும் குறைவு, அதை விரும்பினவருக்கு அடுத்த தடவை தௌராசி. இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவருக்கு லாக்ரிமா கிறிஸ்தியை 14 பாகைக்குக் குளிர்வித்துக் கொடுங்கள், துவர்ப்பு குறைவு என்பதால் இந்தக் குளிர் அதைக் கெடுக்காது. கொத்து ரொட்டியோடும் நிற்கும். கிளாஸில் ஒரு தடவைக்கு 100 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம், கொழும்பில் கிளாஸுக்குள்ளேயே பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று பாகை ஏறிவிடும். போத்தலை வாளியில் விட்டுவிட்டு, கேட்கக் கேட்க ஊற்றுங்கள்.